பழவேற்காட்டுக்கு சாகித்ய அகாதெமி என்ன செய்ய முடியும்?

சாகித்ய அகாதெமி விருது அறிவிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் தமிழ் இலக்கிய உலகம் ஒரு வாரம் பரபரப்பாகிவிடுகிறது. யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று விவாதங்கள் நடக்கின்றன. வாழ்த்துகளும் வசைகளும் ஓய்ந்த பிறகு, அடுத்த அறிவிப்புவரை அந்த அமைப்பை நாம் மறந்துவிடுகிறோம். ஒரு தேசிய இலக்கிய அமைப்பு எதற்காக இருக்கிறது, விருது தருவதைத் தவிர அதனால் வேறென்ன ஆகும் என்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன. இக்கேள்விகளைத் தலைநகரின் அரங்குகளில் நின்று கேட்பதைவிட, பழவேற்காடு ஏரிக்கரையின் குப்பங்களில் நின்று கேட்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சில ஆண்டுகளாக ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தை நடத்திவருகிறேன். இலக்கிய நிறுவனங்களைப் பற்றிய என் எண்ணங்களில் பெரும்பாலானவை அந்த அனுபவத்திலிருந்து உருவானவையே.

சங்கமும் அகாதெமியும்

இந்திய அளவில் எழுத்தாளர்கள் அமைப்பாகத் திரள்வது விடுதலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1933-இல் பம்பாயில் சோஃபியா வாடியாவின் முயற்சியால் பென் அமைப்பின் அகில இந்திய மையம் உருவானது. 1936-இல் லக்னோவில், பிரேம்சந்தின் தலைமையில் அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. தமிழகத்தில் ஜீவாவின் முன்முயற்சியில் 1961-இல் கலை இலக்கியப் பெருமன்றமும், 1975-இல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் தோன்றின. இவையெல்லாம் எழுத்தாளர்கள் தாங்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்துபவை. மாநாடு, இதழ், ஊர்க் கிளை, கலை இலக்கிய இரவு என்று மக்களிடம் நேரடியாகச் செல்பவை.

சாகித்ய அகாதெமி வேறு வகை. 1952 டிசம்பரில் மத்திய அரசு நிறைவேற்றிய தீர்மானத்தின் வழியே உருவாகி, 1954 மார்ச் 12 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. நேரு அதன் முதல் தலைவர். செலவு அரசுடையது, முடிவுகள் எழுத்தாளர்களும் அறிஞர்களும் அடங்கிய குழுக்களுடையவை என்ற ஏற்பாட்டில் அது தன்னாட்சி அமைப்பாக இயங்குகிறது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலத்தையும் ராஜஸ்தானியையும் சேர்த்து 24 மொழிகளை அது ஏற்றிருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. தென்மொழிகளுக்கான மண்டல அலுவலகம் பெங்களூருவிலும், அதன் கிளை சென்னையிலும் இயங்குகின்றன.

நம் கண்ணுக்குத் தெரிவது ஆண்டு விருது. 1955-இல் ரா.பி.சேதுப்பிள்ளையின் ‘தமிழின்ப’த்தில் தொடங்கிய தமிழ்ப் பட்டியல் அது. 5,000 ரூபாயாக இருந்த பரிசுத் தொகை இன்று ஒரு லட்சம் ரூபாய். ஆனால், அகாதெமியின் அன்றாட வேலை வேறு. ஓர் இந்திய மொழியின் நூலை இன்னோர் இந்திய மொழிக்குக் கொண்டுபோவது, இலக்கிய முன்னோடிகளைப் பற்றி ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையில் சிறுநூல்கள் வெளியிடுவது, கருத்தரங்குகள் நடத்துவது, மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இளம் எழுத்தாளர்களுக்கும் சிறார் எழுத்தாளர்களுக்கும் தனிப் பரிசுகள் வழங்குவது என்று அது நீள்கிறது. சந்தையில் விலைபோகாத, ஆனால் ஒரு பண்பாட்டுக்குத் தேவையான வேலைகள் இவை. தனிப் பதிப்பகமோ ஊர்ச் சங்கமோ 24 மொழிகளில் இவற்றைச் செய்ய இயலாது.

இரண்டு மீனவர் நாவல்கள்

இந்த வேலையின் பலனை மீனவர் வாழ்வைப் பற்றிய இரண்டு நாவல்கள் காட்டுகின்றன. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ மலையாளத்தில் 1956-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். அகாதெமியே அத்தமிழாக்கத்தை வெளியிட்டது. ஆலப்புழைக் கடற்கரையின் மீனவக் குடும்பங்களும் வள்ளங்களும் தமிழ் வாசகரின் கற்பனைக்குள் வந்தது அப்படித்தான். தமிழில் புனைவு எழுத வந்த இரண்டு தலைமுறையினருக்கு அந்த மொழிபெயர்ப்பு ஒரு பாடமாகவும் இருந்தது.

அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2013-இல், ஜோ டி குருஸின் ‘கொற்கை’ அதே விருதைப் பெற்றது. தகழி மீனவக் குடியில் பிறந்தவர் அல்லர். கடற்கரையை அருகிலிருந்து பார்த்து எழுதியவர். ஜோ டி குருஸோ உவரியில் பிறந்த கடற்கரைக்காரர். அவர் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் வந்தபோது, பரதவர் பேச்சும் கடல் தொழிலின் சொற்களும் பக்கம் பக்கமாகத் தமிழ்ப் புனைவுக்குள் இறங்கின. முந்தைய ஆண்டு, 2012-இல், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றிய டி.செல்வராஜின் ‘தோல்’ விருது பெற்றிருந்தது. கதையில் பேசப்படுபவராக இருந்தவர் கதை சொல்பவராக மாறிய பயணத்தை இந்தப் பட்டியல் ஓரளவு பதிவுசெய்திருக்கிறது.

ஆனால், இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். அகாதெமி ‘கொற்கை’யை உருவாக்கவில்லை. எழுதப்பட்டு, அச்சாகி, வாசிக்கப்பட்ட ஒன்றை அது அடையாளம் கண்டது. விருது விதிகளின்படி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முதல் பதிப்பாக வெளிவந்த நூல்களே நடுவர் மூவரின் கைக்குப் போகின்றன. நூலாக வராத எதுவும் அந்த மேசையை எட்டாது. பழவேற்காட்டின் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

ஏரி வேறு, கடல் வேறு

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழகக் கடற்கரையின் வட எல்லை அது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதியும் கடலோடு கலக்கும் முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. ஆரணியாறும் காளாங்கியும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியே ஓதம் உவர்நீரைக் கொண்டுவருகிறது. இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் மடவையும் பச்சை நண்டும் கிடைக்கும். கிழக்கே, ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் மணல்திட்டான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலங்கள் புறப்படுகின்றன.

நெய்தல் புனைவு என்றதும் நம் நினைவுக்கு வரும் நூல்கள் பெரும்பாலும் தூத்துக்குடி, குமரிக் கடற்கரைகளைச் சேர்ந்தவை. அவை ஆழ்கடலின் கதைகள். ஏரித் தொழில் வேறு: இடுப்பளவு நீர், சேற்றில் நடும் கம்பு, முகத்துவாரம் திறப்பதையும் அடைவதையும் பொறுத்து மாறும் வருமானம். ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்களின் உலகம் கடல் நாவல்களுக்குள் வராது. ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் கழியையும் கானலையும் நுணுக்கமாகக் கண்டவர். அந்தக் கழிநிலத்தின் இன்றைய வாழ்வு இக்காலத் தமிழிலக்கியத்தில் அரிதாகவே இடம்பெற்றிருக்கிறது.

இத்தனைக்கும் பழவேற்காடு இலக்கியப் போக்குவரத்துக்குப் புதிய ஊர் அன்று. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கடற்கரை வணிகத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். 1630-களில் இங்கே சமய போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1651-இல், அது லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் சதகப் பாடல்கள் அதில் டச்சு மொழியில் இடம்பெற்றன. ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருதக் கவிதை மொழிபெயர்ப்பு இதுவே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இந்தக் கரையிலிருந்து ஒரு மொழியின் கவிதை கடல் கடந்து அச்சேறி 370 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதே கரையில் வலை இழுத்தவர்களின் பேச்சை அப்போது யாரும் எழுதிவைக்கவில்லை.

‘பாடு’ என்னும் சொல்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுத் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், ‘என் தந்தை மீன்பிடித் தொழில் செய்து வருகிறார்’ என்று தொடங்கிப் பாடப்புத்தக நடையில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். வட்டம் முடிந்து கிளம்பும்போது, “இன்னிக்கு எங்கப்பாவுக்குப் பாடு சார், சீக்கிரம் போவணும்” என்றான். அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அது எழுதுற வார்த்தை இல்லியே சார்” என்றான்.

அவன் எழுதத் தகாது என்று நினைத்த அந்தச் சொல்லுக்குள் ஒரு சட்டமே அடங்கியிருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்டத் தகுந்த இடங்கள் குறைவு. கட்ட விரும்புவோர் அதிகம். ஆகவே, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறைவைக்கிறது. அந்த முறைக்கும் அதில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்குக்கும் பெயர் ‘பாடு’. ஊரில் தலைக்கட்டாக ஏற்கப்பட்டவருக்கே அந்த உரிமை. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுழற்சியில் எல்லோருக்கும் வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறைகளாகப் பேணிவந்த இந்த ஏற்பாட்டை, பொதுவளத்தை மக்களே நிர்வகிப்பதற்கு எடுத்துக்காட்டாக ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அது எல்லோரையும் உள்ளடக்கிய முறையும் அன்று. பாட்டுரிமை இல்லாத சமூகங்கள் அதைக் கோரியதும், அதனால் பூசல்கள் எழுந்ததும் இந்த ஏரியின் வரலாற்றில் உண்டு.

பங்கு, முறை, உழைப்பு, துன்பம் ஆகிய பொருள்களையெல்லாம் தமிழ் இந்த ஒற்றைச் சொல்லில் வைத்திருக்கிறது. ‘அவரவர் பாடு’, ‘பெரும்பாடு’ என்று நாம் சொல்வதன் முழு எடையும் ஏரியில் புரிகிறது. ஆய்வுக் கட்டுரைகள் இதை ஆங்கிலத்தில் விளக்கிவிட்டன. அந்தச் சிறுவனுக்குத் தமிழில் அது இன்னும் எழுத்தாகவில்லை.

ஏரி இன்று பல முனைகளில் நெருக்கப்படுகிறது. முகத்துவாரம் மணலால் அடைபடுவது, நீரின் தன்மை மாறுவது, தெற்கே துறைமுக விரிவாக்கம் பற்றிய அச்சம் என்று கவலைகள் குவிகின்றன. தொழிலை விட்டு நகரத்துக்குச் செல்லும் இளைஞர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால், ஒரு தொழில் போகும்போது அதன் சொற்களும் போகின்றன. நீரின் நிறத்தை, காற்றின் திசையை, வலைக்கண்ணின் அளவை, மீனின் பருவத்தைக் குறிக்கும் சொற்கள் அவை. பல தலைமுறைகளின் கவனிப்பு அவற்றில் சேமிக்கப்பட்டிருக்கிறது. முதியவர் ஒருவர் என்னிடம், “வலைய மியூசியத்துல வெச்சிருவாங்க சார், பேச்ச எங்க வெப்பாங்க?” என்று கேட்டார். இலக்கிய அமைப்புகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

கி.ரா. காட்டிய வரிசை

தமிழில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கி.ராஜநாராயணன் நண்பர்களின் துணையோடு தொகுத்த ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982-இல் வெளிவந்தது. கரிசல்காட்டுச் சம்சாரியின் பேச்சு அகராதிக்குரியது என்று அது நிறுவியது. ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்காக அவர் அகாதெமி விருது பெற்றது 1991-இல். முதலில் சொற்கள் சேர்ந்தன. அங்கீகாரம் பின்னால் வந்தது. பெருமாள்முருகன் கொங்குப் பகுதிக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் அகராதிகள் தொகுத்தார்கள். சொற்களைத் தொகுத்த இந்த மூவரும் நாவலாசிரியர்கள் என்பது தற்செயல் அன்று. ஒரு வட்டாரத்தின் சொற்கள் மதிப்புக்குரியவை என்று நிறுவப்பட்டால், அங்கே பிறந்தவர்களுக்கு எழுதும் துணிச்சல் வருகிறது. கரிசல் எழுத்து ஒரு மரபாகவே கிளைத்தது அப்படித்தான். நெய்தலில் வறீதையா கான்ஸ்தந்தின் போன்றவர்கள் கட்டுரைகள் வழியாக இத்தகைய பணியைச் செய்துவருகிறார்கள். வடகடலோர ஏரிக்கு அப்படிப்பட்ட தொகுப்பு வேண்டும்.

அந்தத் தொகுப்பை அகாதெமி தில்லியிலிருந்து செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அது ஊரின் வேலை. பள்ளி ஆசிரியர், கிளை நூலகர், எழுத்தாளர் சங்கங்களின் மாவட்டக் கிளைகள், குப்பத்தின் படித்த பிள்ளைகள் சேர்ந்தால் ஓரிரு ஆண்டுகளில் தொடக்கம் கண்டுவிடலாம். பட்டினவர் மட்டுமின்றி, தலித் மீனவர், இருளர், பனையோலை முடையும் முஸ்லிம் பெண்கள் என்று ஏரியை நம்பி வாழும் எல்லோருடைய சொற்களும் அதில் வர வேண்டும். சொல்லைத் தந்தவரின் பெயர், அவர் விரும்பினால், சொல்லுக்கு அருகிலேயே அச்சாக வேண்டும். தகவலாளி என்று அடிக்குறிப்பில் ஒதுக்கப்படுவதற்கும், ஆசிரியர்களில் ஒருவராக அட்டையில் இருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

அகாதெமியால் மட்டுமே முடிவது

தேசிய அமைப்பின் பங்கு இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. பழவேற்காடு இருமொழி ஏரி. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தது. அடுத்த ஆறு மாதங்களுக்குள் அகாதெமி பிறந்தது. ஒரே நீரில் தமிழிலும் தெலுங்கிலும் பேசிக்கொண்டே மீன் பிடிக்கிறார்கள். நிர்வாகம் ஏரியைக் கோடு போட்டுப் பிரித்தது. மீனும் இறாலும் கோட்டைப் பார்ப்பதில்லை. தமிழ் ஆலோசனைக் குழுவும் தெலுங்கு ஆலோசனைக் குழுவும் தனித்தனியே கூடும் அமைப்பில், இரு மொழிகளுக்கும் பொதுவான ஓர் ஏரியின் பேச்சு எந்தக் குழுவின் பொறுப்பிலும் சேராமல் போகும். இரு குழுக்களும் சேர்ந்து ஒரு தமிழ் – தெலுங்கு ஏரிச் சொற்றொகுதியை வெளியிடுவது மாநில அமைப்புகளுக்குக் கடினம். அகாதெமிக்கு இயல்பான வேலை.

இன்னும் விரித்துப் பார்க்கலாம். ஒடியாவில் ராதாநாத் ராய் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘சிலிகா’ என்ற காவியத்தை எழுதினார். அந்த ஏரிக்கு ஒரு செவ்விலக்கியம் இருக்கிறது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலைச் சுற்றி மலையாளத்தில் வளமான புனைவு இருக்கிறது. சிலிகா, பழவேற்காடு, வேம்பநாடு ஆகிய மூன்று நீர்நிலைகளின் எழுத்தும் வாய்மொழியும் ஒன்றையொன்று அறிந்தால், ஒரு மொழியில் இருப்பது இன்னொரு மொழியில் எழுதத் தூண்டும். ‘செம்மீன்’ தமிழுக்கு வந்தபோது நடந்தது அதுதானே? வடகிழக்கு மாநிலங்களின் வாய்மொழி இலக்கியத்துக்கென்றே அகாதெமி ஒரு மையத்தை நடத்துகிறது. ‘கிராமாலோக்’ என்ற பெயரில் கிராமங்களில் இலக்கிய நிகழ்ச்சிகளையும் நடத்துகிறது. கருவிகள் இருக்கின்றன, அவற்றைக் கடற்கரைப் பக்கம் திருப்ப வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். இலக்கிய அமைப்பு ஏன் தொழிற்சொற்களைத் தொகுக்க வேண்டும் என்பது ஒன்று. நெய்தல், மருதம் என்று நிலத்தையும் தொழிலையும் வைத்தே கவிதையைப் பகுத்த மொழிக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்பை எளிய மக்கள் ஏன் நம்ப வேண்டும் என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வி. 2015-இல் கன்னட அறிஞர் எம்.எம்.கல்புர்கி கொல்லப்பட்டபோது அகாதெமி உடனே குரல் எழுப்பவில்லை என்று பல மொழி எழுத்தாளர்கள் விருதுகளைத் திருப்பியளித்தார்கள். அதன் பிறகே கண்டனத் தீர்மானம் வந்தது. மறைந்த இன்குலாபுக்கு 2017-இல் அறிவிக்கப்பட்ட விருதை அவர் குடும்பத்தார் ஏற்கவில்லை. இத்தகைய அமைப்புகளின் மதிப்பு எழுத்தாளர்களும் வாசகர்களும் கடனாகக் கொடுத்து வைத்திருப்பது என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்தக் கடன் நல்ல வழியில் செலவாகும்.

ஆகவே, கோரிக்கை எளிமையானது. அகாதெமியின் தமிழ், தெலுங்கு ஆலோசனைக் குழுக்கள் தம் கூட்டங்களில் ஒன்றைப் பழவேற்காட்டில் நடத்தட்டும். சென்னைக் கிளை அலுவலகத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். கோட்டைக்குப்பத்தின் பெரியவர்களும் இருளர் பெண்களும் அங்கே பார்வையாளர்களாக இல்லாமல், பேசுபவர்களாக அமரட்டும். அதற்குள் நம் சங்கங்களும் நூலகங்களும் ஒரு முதல் பட்டியலையாவது தயாராக வைத்திருக்கட்டும். அந்தப் பட்டியல் ‘பாடு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம்.